நாலு விரல் ஆழம்

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. புகாராகச் சொல்லவில்லை. பதினொரு வருடமாகக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள், கண் தானாக அங்கே போய்விடுகிறது. ஒரு காகிதத்தை நாலாக மடித்து வைத்துவிட்டேன், இப்போது ஆடவில்லை. என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். தட்டச்சுக்குப் பழகிய கை. எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன்பு என் தம்பி விழுந்ததை விபத்து என்று எழுதிக் கோப்பை மூடியவர் நீங்கள்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் எனக்குத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தீர்கள். அந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். தம்பி இப்போது வீட்டில் கட்டிலில் இருக்கிறான். தலையைத் திருப்புகிறான், வலது கையை முழங்கை அளவுக்குத் தூக்குகிறான், மற்றது ஒன்றும் அவன் வசத்தில் இல்லை. எழுந்து நடப்பானா என்று கேட்டால் மருத்துவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அவன் மனைவி அவர்களை விட்டுவிட்டு இப்போது என்னிடம் கேட்கிறாள்.

நடந்தது புரிய வேண்டுமானால் முதலில் என் வேலை புரிய வேண்டும். எங்கள் கம்பெனி வருடத்துக்கு ஒரு மல்யுத்த வீடியோ கேம் வெளியிடும். வருடாவருடம் அதே மாதம், அதே மல்யுத்த வீரர்கள், அட்டையில் மட்டும் வேறு முகம், பெயருக்குப் பின்னால் புது வருட எண். பழைய கள்ளு, புது மொந்தை. அது கடைக்குப் போகும் முன்பு அதை ஆயிரம் தடவை ஆடிப் பார்த்து, எங்கே பிசகுகிறது என்று எழுதுவதுதான் என் வேலை. பிசகை ஆபீசில் பக் என்போம். ஒவ்வொரு பக்குக்கும் ஒரு எண் உண்டு.

கேலியாக நினைக்காதீர்கள், கொஞ்சம் சொல்கிறேன். நடுவர் கயிற்றில் கால் மாட்டிக்கொண்டு, அங்கே இருந்தபடியே காற்றைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். ஜெயித்தவர் இடுப்பில் கட்டிய பெல்ட் இடுப்பில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் சுற்றும். நீண்ட முடிக்காரர்களின் முடி தோள்பட்டைக்கு உள்ளே புகுந்து மார்பு வழியாக வெளியே வரும். கூட்டத்தில் இருக்கும் ஐயாயிரம் பேருக்கும் சேர்த்து ஆறே முகம். வர்ணனையாளர் உள்ளே வருகிறவரை விட்டுவிட்டு போன வருடம் ஓய்வுபெற்றவரைப் பாராட்டுவார். பிள்ளைகள் ஒரு மாதம் உட்கார்ந்து மூக்கு, முழி, மச்சம் எல்லாம் பார்த்துப் பார்த்து உருவாக்கிய சொந்த வீரன், ஒருநாள் திறந்தால் இருக்கமாட்டான். ஆன்லைனில் ஆடினால் ஜெயிக்கப்போகிற நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும். இவை அத்தனையும் நான் எழுதிக் கொடுத்தவை. அடுத்த வருடமும் எழுதினேன். அதற்கடுத்த வருடமும் எழுதினேன்.

எனக்கு மேலே இருந்தவர் எங்கள் தயாரிப்பு மேலாளர். நல்ல மனிதர், குரல் உயர்த்தமாட்டார், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவார். ஆனால் எந்தப் பக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அதனால் அவருக்கு ஆபீசில் பெயரே அடுத்த வருஷம். அடுத்த வருஷம் சாப்பிடப் போயிருக்கிறார், அடுத்த வருஷம் மூணு மணிக்கு மீட்டிங் வைத்திருக்கிறார் என்றுதான் பேசிக்கொள்வோம். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றப் பக்குகளை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்கமுடியாதது ஒன்று இருந்தது, அதன் எண் 417. மல்யுத்த மேடையின் மூலைக்கம்பத்தின் உச்சியிலிருந்து ஒருவரை மல்லாக்கத் தள்ளிவிட்டால் அவர் உடம்பு தரையில் விழுந்து நிற்காது, தரைக்குள்ளே நாலு விரல் ஆழம் புதையும். முதுகு காணாமல் போய்விடும். மூக்கும் வயிறும் கால்பெருவிரலும் மட்டும் வெளியே தெரியும். அந்த நேரம் பார்த்து எதிராளி மேலே படுத்து அமுக்கினால் இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே போவார்கள். ஒரு வருடம் நிரல் எழுதுகிறவர்கள் உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டார்கள். அந்த வருடம் எல்லாரும் விழுந்த பிறகு தரைக்கு மேலே மிதந்தார்கள். புதைவது சரியாகிவிட்டது என்று அறிக்கை வேறு வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான். கேமில் நீங்கள் பார்க்கும் அசைவுகள் ஒரு நிஜ மனிதருடையவை. பதிவுக்கூடம் என்று ஒன்று எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் உடம்பைப் பிடித்த கறுப்பு உடையில், மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டிக்கொண்டு குதிப்பார், விழுவார். சுற்றியுள்ள கேமராக்கள் உருண்டைகளின் இடத்தை மட்டும் பதிந்துகொள்ளும். விழுகிறவருக்கு அடிபடாமல் இருக்க, தரையில் விரித்த துணிக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு மெத்தென்ற ஃபோம் கட்டைகள் அடுக்கியிருப்பார்கள். விழுந்தால் உடம்பு ஃபோமில் நாலு விரல் அமுங்கும். கேமரா பொய் சொல்லாது, அமுங்கினதை அமுங்கினபடியே பதியும். கேமில் இருக்கிற தரையோ அமுங்காது. எனவே உடம்பு உள்ளே போகிறது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள், அத்தனை தெளிவான விஷயம்.

இதை வரைபடம் போட்டு எழுதிக் கொடுத்தேன். ஃபோமை எடுத்துவிட்டு ஒரே ஒருநாள் புதிதாகப் பதிந்தால் போதும் என்றேன். அடுத்த வருஷம் அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நாலு விரல் புதைஞ்சா யாரு சாகப்போறா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். ஃபோமை எடுக்க முடியாது, அது பாதுகாப்பு விதி என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதத் தெரியவில்லை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மாலைவரை வேலை பார்த்தேன். அந்த வருடம் எவனோ ஒருவன் 417-ஐ வீடியோ எடுத்துப் போட்டான். விழுந்தவர் தரைக்குள் போய்விட, நடுவர் ஒரு மூக்கைப் பார்த்து மூன்று எண்ணுகிறார். கோடிப்பேர் பார்த்துச் சிரித்தார்கள். சோதித்துப் பார்க்க ஆளே இல்லையா, எல்லாரும் தூங்கினார்களா என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கருத்துகள் எல்லாவற்றையும் படித்தேன்.

இப்போது தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. தலைவாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண்விழித்து ஆளாக்கியது நான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே விழுவதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. மாடிப்படியில் உருண்டு வந்து சிரித்துக்கொண்டே எழுவான். பிறகு அதுவே அவன் தொழிலாயிற்று. மேடையிலும் படங்களிலும் பிறருக்காக விழுகிறவன் அவன். எப்படிப் போட்டாலும் சேதமில்லாமல் விழுவதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பூனை என்பார்கள். எங்கள் கேமுக்கு விழுவதற்கு அவனைக் கொண்டுவந்ததும் நான்தான். அவன் வேறு எங்கே போனாலும் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். எங்கள் கூடத்தில் மட்டும் தட்டமாட்டான். அக்கா பார்த்திருப்பாள் என்பான்.

பதினோராவது வருடம், போனால் போகிறது என்று எனக்கு ஒருநாள் பதிவு கொடுத்தார்கள். ஃபோம் இருக்கவே வேண்டும், ஆனால் வேறு கோணத்தில் விழவைத்துப் பாருங்கள் என்றார்கள். கோணத்துக்கும் புதைவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. செவிடன் காதில் எத்தனை நாள்தான் சங்கு ஊதுவது?

காலையில் பாதுகாப்புக்காரர் வந்து ஃபோம் கட்டைகளைக் கையால் அமுக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் துணியை விலக்கி, நடுவில் இருந்த ஆறு கட்டைகளை வெளியே எடுத்தேன். கிடங்கில் இருந்த மேசைகளையும் பலகைகளையும் கொண்டுவந்து அந்த இடத்தில் அடுக்கி, மேலே துணியை இழுத்து மூடினேன். உயரம் ஒரு நூல் பிசகவில்லை, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். வேலையில் நான் எப்போதும் சுத்தம்.

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவன் பார்த்து விழுந்திருப்பான். பார்த்து விழுகிறவன் உடம்பைச் சுருக்கிக்கொள்வான், அது திரையில் அப்படியே தெரியும். சோதனை நடக்கிறது என்று ஆடுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. வேறு யாரையாவது வைத்துச் செய்திருக்கக்கூடாதா என்றும் கேட்கலாம். ஐயா, ஊரான் பிள்ளையைக் கொண்டுவந்து அப்படி விழவைக்க எனக்கு மனசு வராது.

கண்ணாடி அறைக்குள் கேமராக்காரர் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் நானும் தம்பியும் மட்டும். அவன் அங்கே நட்டிருந்த மூலைக்கம்பத்தில் ஏறி, எனக்குப் பழிப்புக் காட்டிவிட்டு, மல்லாக்க விழுந்தான். சத்தம் வழக்கத்தைவிட வேறு மாதிரி இருந்தது. எழுந்து தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"அக்கா, தரை இன்னைக்கு என்னமோ கெட்டியா இருக்கு."

"ஏசில ஃபோம் இறுகியிருக்கும்டா. ரெண்டு தடவை விழுந்தா இளகிடும்" என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டினான். நான் திரையைப் போய்ப் பார்த்தேன். புள்ளிகளால் ஆன உடம்பு தரைக்கோட்டின் மேல் கிடந்தது. புதையவில்லை, மிதக்கவும் இல்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒருதடவை நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். ஒன்று என்றால் கண்மயக்கம், இரண்டு என்றால் தற்செயல், மூன்று தடவை அதே மாதிரி நடந்தால்தான் பதிவேட்டில் ஏறும். மூன்று தடவை காட்ட முடியாமல் போனதால் என்னுடைய எத்தனையோ பக்குகளை மறுபடி நிகழவில்லை என்று ஒரே வரி எழுதி மூடியிருக்கிறார்கள். இந்தத் தடவை அந்த வரிக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று இருந்தேன்.

இரண்டாம் தடவை விழுந்தான். எழ நேரமானது. இடது கை விரல்கள் மரத்துப்போயின என்று உதறிக் காட்டினான். குறிப்பேட்டில் இரண்டு என்று எழுதிக்கொண்டேன். முகம் வெளுத்திருந்தது. போதும் என்று சொல்லப்போகிறான் என்று எனக்குத் தோன்றியது. அவன் கேட்டது அது அல்ல. "நல்லா வருதாக்கா?" என்று கேட்டான். வருதுடா, இன்னும் ஒண்ணே ஒண்ணு என்றேன். உனக்காகத்தான் என்று சொல்லிவிட்டு ஏறினான்.

மூன்றாம் தடவை தலை முந்திக்கொண்டது. ஃபோம் என்று நினைத்துத் தளர்த்திவிட்ட கழுத்து. விழுந்த பிறகு பன்னிரண்டு விநாடி அசையாமல் கிடந்தால்தான் அந்தப் பதிவை அடுத்த அசைவோடு ஒட்டமுடியும், அது அவனுக்கும் தெரியும். அசையாமல் கிடந்தான். நான் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலோ ஐந்தோ எண்ணும்போது கூப்பிட்டான்.

"அக்கா. என் காலு எங்க இருக்கு?"

"பேசாதடா" என்றேன். "இன்னும் பதிவாகுது."

கேமராக்காரர் ஒலிபெருக்கியில் நிறுத்தட்டுமா என்று கேட்டார். முடியட்டும் என்று கையைக் காட்டினேன். பன்னிரண்டு ஆனதும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். தாமதம் என்று பார்த்தால் ஏழு அல்லது எட்டு விநாடி. அதனால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவரிடம் பொதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேமராக்காரரை வண்டியில் கூட அனுப்பிவிட்டு, பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன். மேசைகளையும் பலகைகளையும் கிடங்கில் வைத்தேன், ஆறு கட்டைகளையும் பழைய இடத்தில் அடுக்கினேன். முடித்துவிட்டுப் போனைப் பார்த்தால் தம்பி மனைவி ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தாள். மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் ஓர் ஆள் எடையுள்ள மணல்மூட்டையை அதே இடத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். மூட்டை மெத்தென்று உட்கார்ந்தது. மறுபடி நிகழவில்லை என்று எழுதினார்கள். நீங்களும் அதைத்தான் உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று, அதையும் எழுதிவிடுகிறேன். நிஜ மல்யுத்த மேடையில் பலகைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்குமாம், விழுந்தால் மொத்தத் தரையும் அமுங்கிக் கொடுக்குமாம். தம்பி பிறகு ஒருநாள் வேறு ஏதோ பேச்சில் சொன்னான். நான் நிஜ மல்யுத்தம் ஒன்றுகூட நேரில் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த தரை எங்கள் கேமில் இருக்கும் தரைதான். அதைத்தான் கீழ்த்தளத்தில் கட்டினேன்.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்பீர்கள். போன வாரம் இந்த வருடத்து கேம் வெளியானது. தம்பி அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தான். கட்டிலுக்கு எதிரே திரையை மாட்டச் சொன்னான், தலையணையை உயர்த்தச் சொன்னான். இனிமேல் விழமுடியாது, கடைசியாக விழுந்ததையாவது பார்த்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். ஏழு மாதமாக அவன் கேட்டது அது ஒன்றுதான். நான் ஆடினேன். ஒருவரை மூலைக்கம்பத்துக்கு ஏற்றி, மல்லாக்கத் தள்ளினேன்.

நாலு விரல் ஆழம் புதைந்தார்.

மறுபடி தள்ளினேன். மூன்றாவது தடவையும் புதைந்தார். நடுவர் மூக்கைப் பார்த்து எண்ணினார். அடுத்த வருஷத்துக்குப் போன் செய்தேன். அன்றைய பதிவு கம்பெனியில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு அடிபட்ட காட்சியைப் பயன்படுத்துவது மரியாதையாக இருக்காது என்று பழைய பதிவையே போட்டுவிட்டோம் என்றார். மரியாதையாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்றும் சொன்னார். பதினொரு வருடத்தில் இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தம்பி இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"அப்ப நான் விழுந்தது சரியில்லபோலக்கா" என்றான். "அதான் எடுத்துக்கல. உனக்குக் கெடச்சது ஒரே ஒரு நாளு. அதையும் நான் கெடுத்துட்டேன்."

பிறகு வலது கையை முடிந்தமட்டும் தூக்கி என் கையைத் தேடினான். மன்னிச்சுக்கக்கா என்றான். அவன் மனைவி அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். நான் பரவாயில்லை என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். கட்டைகளை எடுத்தது நான். பலகையை வைத்தது நான். முதல் தடவை அவனுக்கு வலித்ததும், இரண்டாம் தடவை விரல் மரத்ததும் தெரிந்தே மூன்றாம் தடவை ஏறச் சொன்னது நான். கையெழுத்து எங்கே போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். கோப்பைத் திறந்தால் அந்தப் பதிவைச் சாட்சியமாகக் கேட்டு வாங்க உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தேன். வாங்குங்கள். நீதிமன்றத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுக் காட்டுங்கள். உடம்பு தரையில் எவ்வளவு சரியாகக் கிடக்கிறது என்று மேலாளரும் வந்து பார்க்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் தம்பியிடம் மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். தான் சரியாக விழவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அது அவனுக்குப் பழகிவிட்டது. அவனைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் நான். அவனுக்கு வலிக்கிற மாதிரி எதையும் என்னால் செய்ய முடியாது.